ஒரு சாண் நீலம்

சும்மா கேட்பவர்களை நான் நம்புவதில்லை. காசு கேட்டு வருகிறவனை நம்பலாம். அவனுக்கு வேண்டியது காசு என்று நமக்குத் தெரியும். ஓட்டுக் கேட்டு வருகிறவனைக்கூட ஒரு மாதிரி நம்பலாம். எனக்கென்று ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். டெலிபோன் அக்கா அப்படித்தான் வந்து நின்றாள்.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. திருத்தணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு வேலை. அந்த நாளில் வெளியூருக்குப் பேசவேண்டும் என்றால் தபாலாபீசில் போய் டிரங்கால் சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கவேண்டும். யார் யாரைக் கூப்பிட்டாலும் இணைப்புப் போட்டுக் கொடுப்பது அவள்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். சொந்த ஊர் எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் குப்பம். கல்யாணம் ஆனதா என்று கேட்டால், "அது ஒரு கதைங்க" என்பாள். கதை மட்டும் வராது.

கடலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு அடுப்பில் வைத்த சோறு குழைந்துவிடும். அவள் தம்பி இன்னும் படகில் போகிறான். வலையில் மீன் குறைந்து குப்பை கூடுகிறது என்பாள். கரையில் ஆமை முட்டை இடும் காலத்தில் ராத்திரி பகலாகக் காவல் இருக்கிற சில படித்த பையன்களைப் பற்றிச் சொல்வாள். அவர்கள் கொடுத்த ஒரு விலாசத்துக்கு எழுதிப்போட, வெளிநாட்டிலிருந்து இவளுக்குக் கடுதாசி வர ஆரம்பித்தது. மீன் படம் போட்ட தபால்தலைகளோடு மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். தபால்காரர் அதைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டுத்தான் அவளிடம் கொடுப்பார்.

மற்ற எதற்கும் அவள் வாய் திறக்காது. அவளிடம் எனக்குப் பயம் வந்தது அதனால்தான். எதிர்வீட்டு அம்மாவின் அண்ணன் பம்பாயில் செத்துப்போனார். சேதி அரிசி மில்லுக்கு போனில் வந்திருக்கிறது, காலையிலேயே. மில்லில் வேலை மும்முரத்தில் ஆள் அனுப்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. நடுவில் மத்தியானம் குழாயடியில் டெலிபோன் அக்கா அந்த எதிர்வீட்டு அம்மாவுக்கு முன்னால் நின்று, குடத்தை நகர்த்திக் கொடுத்து, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறாள். போனை இணைத்துக் கொடுத்தவளே அவள்தான்! பதினாறாம் நாள் முடிந்த பிறகு எதிர்வீட்டு அம்மா அவளைப் பிடித்து உலுக்கினாள்: உனக்குத் தெரியுமா தெரியாதா? அக்கா தலையைக் குனிந்துகொண்டு, சொல்லவேண்டியவர்கள் சொல்லவேண்டும், நான் சொல்லக்கூடாது என்றாள். இவ்வளவு அழுத்தமான பொம்பளை வயிற்றில் என்னதான் இல்லை என்று அன்றைக்கே என் மனதில் விழுந்துவிட்டது.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு, காவடிக் கூட்டம் மலைப்படியில் நெரிந்துகொண்டிருக்கையில், அவள் அடிவாரத்தில் ஒரு ஓரமாக அட்டை பிடித்துக்கொண்டு நின்றாள். அட்டையில் ஒரு ஆமைப் படம். மலையில் பெய்கிற மழை நந்தி ஆற்றில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, எங்கள் ஊர்க் கடலுக்குத்தான் வருகிறது, படியில் நைலான் கயிறும் பிளாஸ்டிக் பையும் போடாதீர்கள் என்று போவோர் வருவோரிடம் எல்லாம் கைகூப்பிக் கேட்டாள். முருகனைப் பார்க்க வந்தவன் ஆமையை எங்கே பார்ப்பான்? சிலர் அட்டைக்கு முன்னால் சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பொறுக்கிக் கோயில் உண்டியலில் போட்டாள். வேதக் கோயில் ஆள், மதம் மாற்ற வந்தவள் என்று ஒரு பேச்சு வந்தது. அந்தப் பேச்சு எடுபடவில்லை, ஏனென்றால் கிருத்திகை தவறாமல் மலை ஏறி நெற்றி நிறைய விபூதியோடு இறங்குவாள். அப்புறம், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கிறாள் என்றார்கள். எமர்ஜென்சி முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. ஆபரேஷனுக்குப் பயந்து கரும்புக்கொல்லையில் ஒளிந்த ஆம்பிளைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் அவளைக் கண்டால் சந்து மாறிப் போனார்கள்.

எனக்கு இந்தப் பேச்சு எதிலும் நம்பிக்கை இல்லை. நான் நினைத்தது வேறு. எங்கள் வீட்டில் நான்கு தறி, நான்கிலும் லுங்கி. தறி ஓட்டுவது, சாயம் போடுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. நூல் வாங்குவது, மெட்ராஸ் கடைக்காரரோடு பேசுவது, சண்டை போடுவது எல்லாம் நான். லுங்கி நெய்கிறவனுக்குச் சொத்து என்றால் அவனுடைய கட்டம்தான். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை இழை என்பதுதான் கணக்கு. அது வெளியே போனால் அடுத்த மாதம் வேறொருவன் தறியில் ஓடும், நாம் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்காரவேண்டியதுதான். அதனால் புதுக் கட்டம் தறியில் இருக்கும்போது வெளியாள் வந்தால் மேலே ஒரு துப்பட்டியை இழுத்துவிடுவது எங்கள் ஜனங்களில் வழக்கம். சொந்தத் தங்கை வந்தாலும் இழுத்துவிடுவோம், அவளும் தப்பாக நினைக்கமாட்டாள்.

இப்படிப்பட்ட தெருவில் அக்கா என்ன கேட்டாள் தெரியுமா? துணி கேட்டாள்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்களாம். உலகத்தில் பல தேசங்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாண் நீலத் துணி வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து, ஒரு கடற்கரை நீளத்துக்கு விரிக்கப்போகிறார்களாம். கடலைக் கெடுக்காதே என்று சொல்ல இத்தனை ஜனம் இருக்கிறது என்பது சட்டம் போடுகிறவர்கள் கண்ணில் படவேண்டுமாம். பனி கொட்டுகிற ஊரில் ஒரு கிழவி கம்பளி நூலில் ஒரு சாண் பின்னி அனுப்பினாளாம். ஏதோ தீவில் நார் உரித்துச் சாயத்தில் முக்கி முடைந்தார்களாம். கடலே பார்க்காத ஊரிலிருந்து வந்தால் இன்னும் விசேஷம் என்று சொல்லி, வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"உனக்கு இதுல இன்னாக்கா லாபம்?" என்று நான் நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுமில்லைம்மா" என்றாள்.

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஊரார் பேசுவதெல்லாம் காதில் வாங்குகிறவள், நெசவுக்காரர் வீட்டில் வந்து சாம்பிள் துணி கேட்கிறாள். கேட்டால் லாபம் இல்லை என்கிறாள். தெருவில் ஒரு நெசவுக்காரரும் கொடுக்கவில்லை. ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்குமா, கடல் என்ன நிறம் என்று சாயப் பட்டறையில் பெரிய வழக்கே நடந்தது. ஒருவர் கருநீலம் என்றார். மெட்ராசில் பார்த்தவர் பச்சை கலந்தது என்று அடித்துச் சொன்னார். நானும் மெரீனாவில் பார்த்திருக்கிறேன், எனக்கு அது கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாள். அவரவர் கண்ணுக்குப் பட்ட நீலம் எதுவானாலும் சரி என்றாள். கடைசியில் துணி கொடுத்தது யார் என்றால், இட்லிக்கார அம்மா, முடிவெட்டுகிறவர் மனைவி, ரயில்வே கேட்காரர் வீடு. கிழிந்த பாவாடையிலும் பழைய சட்டையிலும் ஒரு சாண். நெசவு ஊரில் நெய்கிறவன் கை மட்டும் நீளவில்லை. அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வாரம் ஒருமுறை கொல்லைப் பக்கம் வந்து நின்று, "ஒரு சாண்தான் தங்கச்சி" என்பாள். இல்லை என்பேன். சரிங்க என்று போவாள். மறுவாரம் அதே முகத்தோடு வருவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் சமயத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வீட்டில் ஒரு இழுபறி இருந்தது. பக்கத்தில் பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு பவர்லூம் இறங்கிக்கொண்டிருந்தது. நாமும் இரண்டு போடலாம், கையும் காலும் வலிக்கிறது என்பார். கடன்பட்டு இரும்பை வாங்கி வைத்து, கரண்டு இல்லாத நாளில் அதன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கவா என்று நான் அடக்கிவிடுவேன். அவர் எதிர்த்துப் பேசுகிற மனிதர் இல்லை. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருஷம் மெட்ராஸ் கடைக்காரர் பெரிய ஆர்டர் ஒன்று தருவதாகச் சொன்னார். கட்டம் புதிதாக இருக்கவேண்டும், இதுவரை யாரும் பார்க்காததாக இருக்கவேண்டும். நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து யோசித்து, கூட்டிக் கழித்து ஒன்று பிடித்தோம். அரக்குச் சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு மஞ்சள் இழை ஓடும். வெயிலில் பிடித்தால் துணியே சிரிக்கும். கிடைத்தால் நான்கு தறிக்கும் பொங்கல் வரை சோறு. தறியில் பாவு நூல் ஏற்றும் முன்னால் கடைக்காரருக்கு ஒப்புதல் வேண்டும் என்று தபாலாபீசுக்குப் போய் டிரங்கால் போட்டு, சிவப்பு இத்தனை, கறுப்பு இத்தனை, மஞ்சள் ஒன்று என்று இழை இழையாக வாயால் சொன்னேன். கட்டம் என்பது அவ்வளவுதான். காதால் கேட்டவன் தறியில் போட்டுவிடலாம். அவர் சரி என்றார். முதலில் என் வீட்டுக்காரர் தறியில் மட்டும் போட்டோம்.

எங்கள் துணி தறியை விட்டு இறங்கவே இல்லை. அதற்குள் கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் அதே லுங்கி தொங்குகிறது. அதே அரக்குச் சிவப்பு, அதே ஒற்றை மஞ்சள். கையில் வாங்கிப் பார்த்தேன், பவர்லூம் துணி, பொதட்டூர்பேட்டை சரக்கு.

வீட்டில் நானும் அவரும்தான். மெட்ராசில் ஆர்டர் கொடுத்த ஆள். நடுவில் ஒரே ஒரு காது. வேறு யாரை நினைக்கச் சொல்கிறீர்கள்?

நேராக அவள் அறைக்குப் போனேன். தெருவில் பாதிப் பேர் பின்னால் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் வந்து சுவரோரம் நின்றார். அக்கா தரையில் உட்கார்ந்து அந்தக் கிழிசல் நீலங்களுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மெட்ராசுக்குப் பேசினப்போ கேட்டுகினு இருந்தியா இல்லியா?" என்றேன்.

"லைன்ல இருந்தா காதுல விழத்தான் விழும் தங்கச்சி."

"அப்ப நீதான் சொன்னே."

"நான் சொல்லலை."

"நீ சொல்லலைன்னா வேற யாரு சொன்னது? உனக்குத் தெரியுமா தெரியாதா?"

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் கத்திவிட்டு வந்திருப்பேன். அதைச் சொல்லவில்லை. "அதை நான் சொல்லக்கூடாது" என்றாள். கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. திருடி தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள் என்று எல்லாருக்கும் ஆயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும், விடு, நடந்தது நடந்துபோச்சு, வா போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். இந்த மனுஷனுக்கு ரோஷமே கிடையாதா என்று அதற்கும் எனக்குக் கோபம்.

நெசவாளர் சங்கத்துப் பெரியவர்கள் டெலிபோன் மேலதிகாரிக்கு மனு எழுதினார்கள். வியாபாரிகள் பேச்சை ஒட்டுக்கேட்டு வெளியே விற்கிறாள், வெளிநாட்டுக் கடுதாசி வருகிறது, நெசவுக்காரர் வீடுகளில் சாம்பிள் துணி சேர்க்கிறாள். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். இதற்காக இப்போது கண்ணைக் கசக்கப்போவதில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதே நிலையில் இன்றைக்கு நிறுத்தினாலும் போடுவேன். என் வீட்டுக்காரர் போடவில்லை. கையெல்லாம் சாயம், காகிதம் பாழாகும் என்றார். சாயக் கையோடு அவர் கையெழுத்துப் போட்ட காகிதங்கள் வீட்டில் எத்தனையோ இருந்தன. அதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

மனு போன பிறகு, ஆர்டரையாவது காப்பாற்றலாம் என்று மெட்ராஸ் போனேன். என் தங்கை வீட்டில் தங்கி இரண்டு நாள் கடைப்படி ஏறி இறங்கினேன். சந்தையில் தொங்குகிற கட்டத்தை நான் எதற்கு வாங்கவேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆர்டர் போனது போனதுதான். பொங்கலுக்கு நூல்காரர் கடைக்கு எந்த முகத்தோடு போவது என்று ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

அக்காவுக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கேயோ தெற்கே, கடலுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர். விசாரித்த அதிகாரியிடமும் அவள் வாயே திறக்கவில்லையாம். யார் எந்த எண்ணுக்குப் பேசினார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள் என்று தபாலாபீஸ் சிப்பந்தி பின்னால் என்னிடம் சொன்னார். இந்தப் பேச்சு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சொன்னால் தப்பித்திருப்பாள் என்றால், சொல்ல ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனாலும் என் சந்தேகம் அவளை விட்டு நகரவில்லை. தப்புப் பண்ணினவள்தான் பேசாமல் இருப்பாள் என்றே நினைத்துக்கொண்டேன்.

அவள் கிளம்பிய அன்று காலையில் என் வீட்டுக்காரர் அவளுடைய தகரப் பெட்டியைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்ட பொம்பளைமேல் இவருக்கு என்ன இத்தனை கரிசனம்? எனக்கு வேறு மாதிரி சந்தேகம் வந்துவிட்டது. பொம்பளைப் புத்தி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். வேண்டாமே என்றார். கட்டாயம் வருகிறேன் என்றேன்.

ஸ்டேஷனில் அவளை அனுப்ப இட்லிக்கார அம்மா மட்டும் வந்திருந்தாள். அக்கா கையில் ஒரு மஞ்சள் பை. தைத்த நீலங்கள் அதில் இருந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும், வா தங்கச்சி என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். நான் தண்டவாளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பெட்டியை இறக்கிவைத்த என் வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் செருகியிருந்த ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே துணி. புதுத் துணி, எங்கள் தறித் துணி, மூன்று கஜத்துக்குக் குறையாது. முழுக்க நீலம். கட்டம் இல்லை, கோடு இல்லை. நான் மெட்ராசில் இருந்த இரண்டு நாளில் நெய்திருக்கிறார். அப்படி ஒரு நீலத்தை அவர் சாயம் போட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அழகாக இருந்தது, வயிறு எரிந்தது.

"அக்கா, நீங்க கேட்டுகினு இருந்தீங்களே" என்று அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி, ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அப்புறம் மெதுவாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது கடலுக்குக் குடுக்கிறீங்களா, எனக்குக் குடுக்கிறீங்களா?"

அவர் தன் சாயக் கையைப் பார்த்தார்.

"எனக்குன்னா வேணாங்க. நான் யாருக்கும் ஒண்ணும் பண்ணலை" என்று துணியை மடித்து அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

அவர் நின்ற நிலையை நான் பார்த்தேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், என் அம்மா செத்த அன்றுகூட, அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடாத கை, விடு போகலாம் என்று இழுத்த இழுப்பு, பொதட்டூர்பேட்டைத் துணி, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் உட்கார்ந்தன. பஸ் ஏறிப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தால் வழியில் பத்து நெசவுக்காரர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பயந்துதான், தபாலாபீசுக்கும் போகாமல் வேறெங்கிருந்தோ, போனில் சொல்லியிருக்கிறார், நான் கடைக்காரருக்குச் சொன்ன மாதிரியே, சிவப்பு இத்தனை, மஞ்சள் ஒன்று என்று. கேட்ட காது ஒன்றே ஒன்று. அந்தக் காதுக்காரி தன் வேலைக்குக் கேடு வந்தபோதும் அவர் பெயரைச் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டாள்.

வண்டி வருகிற சத்தம் கேட்டது. நான் அவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கினேன். ஒரு சாண் அளந்து, கரையைப் பல்லால் கடித்து, குறுக்கே கிழித்தேன். கிழித்த சத்தத்துக்கு இட்லிக்கார அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"கடலுக்குத்தான்க்கா. நான் குடுக்கிறேன்."

அக்கா வாங்கிக்கொண்டாள். யார் கொடுத்தது என்று எழுதவேண்டாம், ஊர்ப் பெயர் போதும், திருத்தணி என்று எழுதிவிடுகிறேன் என்றாள். அந்த ஒரு சாணைக் கிழிசல்களுக்கு மேலே வைத்துப் பையை மூடினாள். என் வீட்டுக்காரரைப் பார்த்து, வரேங்க என்றாள். வண்டி ஏறிப் போய்விட்டாள். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. அந்தத் துணி எந்தக் கரையிலாவது விரிந்ததா, அப்படி ஒரு விரிப்பு உண்மையிலேயே நடந்ததா என்று எனக்குத் தெரியாது. நடந்திருக்கும் என்று இன்றைக்கும் என்னால் முழுசாக நம்பமுடியவில்லை.

மிச்சத் துணியைக் கேரியரில் வைத்து அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். கத்தத்தான் நினைத்தேன், கடைத்தெரு தாண்டும் வரை கேரியரில் இருந்த அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு முனை வந்தபோது அவரைக் கேட்டேன்.

"பாவா, பொதட்டூர்பேட்டைக்காரங்க பவர்லூமை எப்ப எறக்கித் தரேன்னாங்க?"

அவர் சைக்கிளை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்காமல், "தையில" என்றார்.